முன்வரிசையில உக்காரு பாப்போம்

வா தம்பி. செத்தப்புறம் நம்ம நெனப்பு எங்கியாவது ஓடிக்கிட்டே இருக்குமா, இல்ல அதோட சரியான்னு கேக்குற. யாருகிட்ட கேக்குற? நான் என்ன, அங்கிட்டுப் போயிட்டு வந்தவனா? முடி நரைச்சா எமலோகத்து அட்ரஸ் தானா தெரிஞ்சிரும்னு நெனச்சுக்கிட்டியா?

போயிட்டு வந்தேன்னு சொன்னவங்க கதை வேணுமின்னா தெரியும். பெங்களூரு நிம்ஹான்ஸுல சத்வந்த் பஸ்ரிச்சான்னு ஒரு ஆராய்ச்சிக்கார அம்மா. அமெரிக்காவுல இருந்த இயன் ஸ்டீவன்சனோட சேந்து, சாவு வாசல் வரைக்கும் போயித் திரும்பின 16 பேரு கதைய 1986ல எழுதினாங்க. நம்ம நாட்டு ஆளுங்க என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? எமதூதனுங்க வந்து இழுத்துக்கிட்டுப் போனாங்களாம். அங்க ஒருத்தரு ஏட்டைப் புரட்டினாராம். அடடா, ஆள் மாறிப்போச்சு, இவன் இல்ல, கொண்டுபோயி விடுன்னாராம். இதுதான் திரும்பத் திரும்ப வர்ற கதை.

வெள்ளக்காரன் கதையில ஏடும் கிடையாது, எழுத்தரும் கிடையாது. ரேமண்ட் மூடிங்கறவரு 1975ல போட்ட புத்தகத்துலேர்ந்து அவங்களுக்குச் சுரங்கப் பாதை, அந்தப் பக்கம் வெளிச்சம், வரவேற்க செத்துப்போன சொந்தக்காரங்க. பாத்தியா சேதிய? அவனவன் போற எடத்துல அவனவன் ஊரு ஆபீசுதான் தொறந்திருக்குது. நம்ம சிங்கப்பூர்க்காரன் போனான்னா கியூ நம்பர் குடுத்து ஐசியக் காட்டச் சொல்லுவாங்க. ஆள் மாறவே மாறாது. அதனாலதான் இங்கேருந்து போனவன் ஒருத்தனும் திரும்பி வரலையோ என்னமோ!

சிரிக்காத. படிச்சவங்க இத வெளயாட்டா எடுத்துக்கல. சாம் பார்னியான்னு ஒரு டாக்டரு. 15 ஆஸ்பத்திரியில, இதயம் நின்னுபோன 2,060 பேரக் கணக்குல எடுத்து, 2014ல முடிவ வெளியிட்டாரு. கட்டிலுக்கு மேல ஒசரத்துல பலகை அடிச்சு, கூரையிலேருந்து பாத்தா மட்டும் தெரியிற மாதிரி படம் வச்சிருந்தாங்க. உசுரு வெளிய வந்து மெதக்குதுன்னா படத்தப் பாத்துச் சொல்லணுமில்ல? ஒருத்தரும் சொல்லல. ஒரே ஒரு ஆளு மட்டும் தன்னச் சுத்தி நடந்ததச் சரியா சொன்னாரு. அவரு படுத்திருந்த எடத்துல பலகையே கெடையாது! மிச்சிகன்ல 2023ல இன்னொரு கூட்டம், சாகப்போற 4 பேரு மூளையக் கவனிச்சாங்க. மூச்சுக் கருவிய எடுத்ததும் 2 பேருக்கு மூளை கொஞ்ச நேரம் துள்ளியிருக்கு. அந்த நேரத்துல அவங்க என்னத்தக் கண்டாங்க? கேக்க ஆள் இல்லையே.

ஆக, ராப்பகலா உக்காந்து ஆராஞ்சவன் தெரியலங்கறான். ஓட்டல்ல மண்டபம் புடிச்சு, பூமால போட்டுக்கிட்டு, காச வாங்கிக்கிட்டுப் பேசுறவனுக்கு மட்டும் எல்லாம் தெரிஞ்சிருக்கு. நீ யார நம்புவ?

நான் ரெண்டு பேரு வாயையும் பாக்கறதில்ல. கையப் பாப்பேன், காலப் பாப்பேன்.

சீனங்களோட ஏழாம் மாசத்துல புளோக் பக்கம் கெத்தாய்னு பாட்டு மேடை போடுறாங்களே, பாத்திருக்கியா? முன்வரிசை நாற்காலிங்க காலியாத்தான் கெடக்கும். அது செத்துப்போனவங்களுக்கு. நம்ம காலேஜு புள்ளைங்க பேயாவது பிசாசாவதுன்னு வாய் கிழியப் பேசுதுங்க. கால் வலிச்சாலும் ஒண்ணு அதுல உக்காருதா? பின்னாடியே நின்னு பாக்குது. உள்ளாற என்ன இருக்குன்னு இப்பத் தெரிஞ்சுதா?

இன்னொரு பக்கம் வா. பீஷான் இருக்கே, அது முன்னாடி பெக் சான் தெங் இடுகாட்டு நெலம். பிடாடாரி 1907லேர்ந்து 1972 வரைக்கும் பொதைச்ச எடம், நம்மாளுங்க கல்லறையும் அங்க இருந்துச்சு. இப்ப அடுக்குமாடி வீடு. ஆவி இருக்கு, ஆத்மா அலையுதுன்னு கோயில் திண்ணையில கத சொன்ன குடும்பமெல்லாம் அங்க வீட்டுக்கு எழுதிப் போட்டுட்டுக் குலுக்கல்ல பேரு வரணும்னு வீரமாகாளிக்கு நேந்துக்குது. ரயில் நிலையம் எத்தன நடைன்னுதான் விசாரணை. பேயப் பத்தி விசாரிச்சவன் எவன்? அட, கவர்மெண்டே தெளிவாத்தான் இருக்கு. உசுரோட இருக்கவனுக்கு வீட்டுக்கு 99 வருசம். சுவா சூ காங்குல பொதைச்சவனுக்கு 15 வருசம். 1998ல போட்ட உத்தரவு அது. அப்புறம் தோண்டி எடுத்துருவாங்க. நம்ம பாடு தேவலை, மண்டாயில எரிச்சு கடல்ல கரைச்சுட்டா எடத் தகராறே இல்ல.

பெருமாள் கோயில் பக்கம் ஒரு பெரிய மனுசன். சனிக்கெழமையான போதும், உடம்பு வெறும் சட்டை, கழட்டிப் போட்டுட்டு ஆத்மா போய்க்கிட்டே இருக்கும்னு தேக்கா கோப்பிக்கடையில முழங்குவாரு. சரி சாமி, சட்டைதானேன்னு நான் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தப் பத்திப் பேச்செடுத்தேன். வேணாம்னு எழுதிக் குடுக்காதவங்க உறுப்ப, செத்தப்புறம் எடுத்துக்கலாங்குற சட்டம், 1987ல வந்தது. அப்ப விபத்துல போனவங்க சிறுநீரகம் மட்டுந்தான். 2004லேர்ந்து எப்படிப் போனாலும் சரி, இதயம், ஈரல், கருவிழியும் சேத்தி. 2009ல 60 வயசு வரம்பையும் எடுத்துட்டாங்க, என்ன மாதிரிக் கெழடுகளையும் விட்டு வைக்கல! அந்தச் சட்டம் நம்மள மாதிரி யோசிச்சுக்கிட்டு நிக்கல பாரு. மூளை மொத்தமா நின்னுபோச்சுன்னு டாக்டருங்க எழுதிட்டா ஆள் போயாச்சு, அவ்வளவுதான்.

மனுசன் கோப்பியக் கீழ வச்சுட்டாரு. குரல எறக்கி, நான் அப்பவே வேணாம்னு பாரம் எழுதிக் குடுத்துட்டேனேங்கறாரு. ஏன் சாமி? கண்ணு இல்லாம மேல போனா வழி தெரியாதுல்லங்கறாரு! படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். கழட்டிப் போடற சட்டைக்கு இத்தன பூட்டா?

அதே மேசையில ஒரு டாக்சிக்காரரு. சாமி கும்பிட மாட்டாரு, செத்தா சாம்பல், பேச்சு முடிஞ்சுதும்பாரு. அவரு எந்தப் பாரமும் குடுக்கல. எடுத்துக்கட்டும், எனக்கெதுக்குன்னுட்டு அடுத்த கோப்பி சொன்னாரு. இந்த ரெண்டு பேருல உடம்பச் சட்டைன்னு உண்மையில நெனக்கிறவரு யாரு? நீயே சொல்லு.

உனக்கும் 21 ஆயிருச்சு, சட்டம் உன்னையும் சேத்துக்கிச்சு. வேணாம்னா தாராளமா எழுதிக் குடுக்கலாம், ஒருத்தரும் கையப் புடிக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு. விலகிக்கிட்டவனுக்கே நாளைக்குச் சிறுநீரகம் வேணுமின்னா காத்திருப்பு வரிசையில பின்னால தள்ளிருவாங்க. அதையும் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு.