கரிசல் மண்ணுக்கு எந்தக் கூடாரம்?

கேள்வி: பெரம்பலூர், அரியலூர் பகுதிகளை மோட்டார் சைக்கிளில் தனியே சுற்றிப் பார்ப்பவர் எத்தகைய கூடாரம் வாங்க வேண்டும்?

பதில்: அதைக் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் கரிசல் மண்ணிடம் கேட்க வேண்டும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் இம்மண், ஐப்பசி மழையில் குழைந்து, அடித்த முளையைப் பிடிக்காமல் விட்டுவிடும் என்பதால், முளையை நம்பாது தன் வளைகம்புகளின் வலுவிலேயே எழுந்து நிற்கும் கூடாரமே இங்கு ஏற்றது. காரை கிராமத்து வறண்ட ஓடைச் சரிவுகளில், முன்னொரு காலத்தில் கடல் படிய வைத்த களிமண்ணிடையே, கண்ணாடிச் சில்லுபோல் மின்னும் ஜிப்சத் தகடுகள் அடித்துணியைக் கிழிக்கக்கூடியவை. ஆகவே கீழே ஒரு தார்ப்பாய் இன்றியமையாதது. ஹெல்மெட்டும் பூட்ஸும் மழைக்கோட்டும் உடன் உறங்க வேண்டுமாதலால், தனியாளுக்கும் இருவர் கூடாரமே தேவை. மடித்த கம்புகள் 45 சென்டிமீட்டருக்குள் அடங்கினால், பின்னிருக்கையில் குறுக்கே கட்டிய மூட்டை ஹேண்டில்பாருக்கு வெளியே நீளாது; சிமென்ட் லாரிகள் உரசிச் செல்லும் அரியலூர்ச் சாலைகளில் அது உயிர்காக்கும் கணக்கு. எவ்வளவு நல்ல கூடாரமாயினும், வனத்துறையின் அனுமதியின்றி அதைக் கரைவெட்டி பறவைகள் சரணாலயத்துக்குள் விரிக்கக் கூடாது.