வெருகலில் வெளிக்குப் போதல்: ஒரு பூர்வாங்க ஆய்வு

திருகோணமலை மாவட்டத்து வெருகலைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் எல்லோரும் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் தொடங்கி, மகாவலியின் கிளையாறு கடலோடு கலக்குமிடத்தில் பேனாவை மூடிவிடுகிறார்கள். தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் இத்தலத்து முருகன்மேல் ‘சித்திர வேலாயுதர் காதல்’ பாடினார். காதலுக்குப் பிரபந்தம் உண்டு. கழிவுக்கு ஒரு வெண்பாகூட இல்லை. விடியற்காலையில் ஊர் முழுவதும் ஒருமித்து ஈடுபடும் கருமம் ஒன்று அறிஞர் கண்ணில் படாமற்போன குறையை நீக்கவே இக்கட்டுரை. ஆய்வாளரின் தகுதி பற்றி ஐயம் எழலாம். ஐம்பது தாண்டிய வயிறு ஒன்று அவருக்குச் சொந்தமாக உண்டு.

தரவுகள் தேத்தண்ணிக் கடைகளில் திரட்டப்பட்டன. நேரடி அவதானிப்பு, நாகரிகம் கருதித் தவிர்க்கப்பட்டது.

இப்பிரதேசத்தில் செல்வாக்குப் பெற்ற கோட்பாடு தேத்தண்ணிக் கோட்பாடு. சுடச்சுட ஒரு பிளேன்டீ உள்ளே போனாலன்றி எதுவும் வெளியே வராது என்பது அதன் சாரம். இதை மூடநம்பிக்கை என்று தள்ள முடியாது. இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் விழித்துக்கொண்டு, பின்னால் வருவதற்கு இடம் ஒதுக்கத் தொடங்குகிறது. உடற்றொழிலியல் நூல்கள் ஒப்புக்கொள்ளும் செய்தி இது. காலையில் அந்த உந்தல் பலமாக இருக்கும். தேயிலைக்கு இதில் தனிப் பெருமை உண்டா என்று கேட்டால் கடைக்காரர் கோபிப்பார் என்பதால் அக்கேள்வி கைவிடப்பட்டது.

அடுத்தது வைதிகர் தரப்பு. நாளுக்கு ஒருதரம், குறித்த நேரத்தில், தவறாமல் போகிறவனே ஆரோக்கியவான் என்பது இவர்கள் வாதம். ஒருநாள் தவறினால் ஆமணக்கெண்ணெய்ப் போத்தலைத் தேடுவார்கள். இவர்களுக்கு வந்த அடி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்திலிருந்து வந்தது. கென் ஹீற்றன் என்ற மருத்துவரும் குழுவினரும் 838 ஆண்களையும் 1,059 பெண்களையும் விசாரித்து 1992இல் முடிவை வெளியிட்டார்கள். கடிகாரம்போல நாளுக்கொருதரம் போகிறவர்கள் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 33 சதவீதம் மட்டுமே. வைதிகர்கள் சிறுபான்மையினர் என்பது அன்று அம்பலமாயிற்று. நாளுக்கு மூன்று முறைக்கும் வாரத்துக்கு மூன்று முறைக்கும் இடையில் எதுவும் இயல்புதான் என்பதே மருத்துவர்களின் பொதுக் கருத்து.

அதே நகரத்தில் 1997இல் ஹீற்றனும் லூயிஸ் என்பவரும் ஏழு படிகள் கொண்ட வடிவ அட்டவணை ஒன்றைச் சரிபார்த்து வெளியிட்டார்கள். முதலாம் வகை ஆட்டுப் புழுக்கை. ஏழாம் வகை வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும் விரும்பத்தக்கவை. குடலுக்குள் எவ்வளவு நேரம் தங்கியது என்பதை வடிவமே சொல்லிவிடுகிறது. பிரிஸ்டலும் துறைமுகம், திருகோணமலையும் துறைமுகம். உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் கணக்கு வைக்கிற புத்தி துறைமுக வாசிகளுக்கே வரும் என்பது ஆய்வாளரின் தாழ்மையான கருதுகோள். மறுப்பவர்கள் மலைநாட்டில் ஓர் அட்டவணை தயாரித்துக் காட்டட்டும்.

இவ்வளவிலும் கிடைக்கும் பயன் ஒன்றுதான். அடுத்த வீட்டுக்காரர் எத்தனை தரம் போகிறார் என்பது பயனில்லாத செய்தி. உங்கள் வயிறு இத்தனை வருடம் என்ன செய்தது, இப்போது என்ன செய்கிறது என்பதே கேள்வி. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வெருகலில் தங்கும்போது, இரண்டு நாளாக ஒன்றுமில்லை என்று முணுமுணுப்பதுண்டு. இடம், நேரம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் மாறினால் குடலும் முரண்டு பிடிக்கும். வழமைக்குத் திரும்பியதும் தானே சரியாகும். வீட்டிலேயே இருந்து, காரணமில்லாமல் வழமை மாறி, மூன்று வாரம் தாண்டியும் நிற்கிறதென்றால் அது தேத்தண்ணிக் கடையில் தீர்க்கும் விவகாரமல்ல.

இங்கேதான் மூலக் கட்சியினர் குறுக்கிடுகிறார்கள். எண்ணிக்கையிலும் குரலிலும் பெரிய கட்சி. எங்கே இரத்தம் கண்டாலும் “அது மூலம்” என்று தீர்ப்பளித்து, கோழி இறைச்சியையும் கத்தரிக்காயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். இவர்கள் சொல்வது பல தடவை சரியாகவும் அமைந்துவிடுவதுதான் ஆபத்து. மூலத்திலும் இரத்தம் வரும், பெருங்குடற் புற்றுநோயிலும் வரும். பார்த்த மாத்திரத்தில் பிரிக்க மருத்துவராலும் முடியாது, சோதிக்க வேண்டும். இரத்தத்தோடு உடம்பு மெலிகிறது, சோகை பிடித்து மூச்சு வாங்குகிறது, போய் வந்தும் முடியாத உணர்வு நிற்கிறது, நித்திரையிலிருந்து எழுப்பி ஓடவைக்கிறது, இரத்த உறவில் ஒருவருக்குக் குடற் புற்றுநோய் இருந்தது என்ற நிலைகளில் மூலக் கட்சியோடு விவாதித்து நேரத்தை வீணாக்கக் கூடாது. ஐம்பது தாண்டியவர்கள் இன்னும் விரைய வேண்டும். ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது. படகுப் பாதைக்குக் காத்திருந்தோம் என்ற பழைய சாட்டும் இப்போது செல்லாது.

நிறம் பற்றி ஒரு இடைக்குறிப்பு. பீற்றூட் தின்றால் சிவப்பு, கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை குடித்தால் கறுப்பு, பதற வேண்டியதில்லை. தார்போல ஒட்டும் கறுப்பு, தாங்கமுடியாத நாற்றம், முழங்கால் நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள் என்று மூன்றும் சேர்ந்தால் இரைப்பையில் இரத்தம் கசிகிறதென்று சந்தேகிக்கலாம்; அன்றே ஆஸ்பத்திரி. வெளுத்துச் சுண்ணாம்பாகப் போய், கண் மஞ்சளாக இருந்தால் பித்தநீர் வரும் வழியில் தடை. வயிறு ஊதி, காற்றும் பிரியாமல் வாந்தியும் எடுத்தால் பேதிமருந்து கொடுப்பது பெரும் பிழை.

வயிற்றோட்டத்துக்குத் தண்ணீரைக் குறைத்தால் ஓட்டமும் குறையும் என்ற பழைய தர்க்கம் கேட்க அழகானது. பிள்ளையைக் கொல்லவும் கூடியது. 1971இல் வங்காள அகதிகள் குவிந்த பொங்காவ் முகாமில் கொலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்து, 30 சதவீதமளவில் இருந்த சாவை 3.6 சதவீதமாக்கினார். நம்மூரில் அதன் பெயர் ஜீவனி. பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். கண் குழிந்து, மூத்திரம் குறைந்து, பிள்ளை சோர்ந்து கிடந்தால் ஜீவனியைப் பருக்கிக்கொண்டே வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

கடைசித் தடை வைத்தியசாலையிலேயே இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவில் வழமையாக நடப்பது இது:

“வயிறு எப்பிடி ஐயா?”

“ஒரு குறையும் இல்ல டொக்டர். கால்தான் உளையுது.”

பின்னால் நிற்கும் மருமகள் பொறுமையிழப்பார். “மாமா, ரத்தம் போறத சொல்லுங்க.”

“எவ்வளவு நாளா?”

“திருவிழாவோட தொடங்கினது.”

டொக்டர் வேற்றூர், திருவிழா எப்போது நடந்ததென்று தெரியாது. வரிசை முழுவதும் உதவிக்கு வரும். கொடியேற்றத்தோடா, தீர்த்தத்துக்குப் பிறகா என்று இருமலுக்கு வந்தவரும் பல்வலிக்கு வந்தவரும் தர்க்கம் பண்ணுவார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் இரண்டு மாதம் தாண்டிவிட்டது. அந்தச் சத்தத்துக்குள் டொக்டர் திருகோணமலைக்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருப்பார்.