ஏணியில் எந்தப் படி?

கே: உலகிலேயே மகிழ்ச்சியான நாடு பின்லாந்தாமே! அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டே இருப்பார்களா?
(திண்டுக்கல் வாசகி)

ப: சிரிப்பை யாரும் அளப்பதில்லை. 'ஓர் ஏணி, அடியில் 0, உச்சியில் 10. உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில்?' என்று கேட்கிறார்கள், அவ்வளவுதான். 2018 முதல் பின்லாந்துதான் முதலிடம். நம்மிடம் கேட்டால், 'பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் படி சொன்னார்?' என்போம்.

கே: பிறவியிலேயே கொடுத்துவைத்தவர்களோ?
(அதே வாசகி, அடுத்த தபாலில்)

ப: 1866-68 பஞ்சத்தில் அங்கே ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு ஒருவர் செத்தார். மரப்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். கொடுத்துவைத்த லட்சணம் அது!

கே: நல்லாட்சியால் முன்னேறிய ஏழை நாடு ஒன்று சொல்லுங்கள். சிங்கப்பூர் வேண்டாம், கேட்டுக் காது புளித்துவிட்டது.
(கும்பகோணம் வாசகர்)

ப: போட்ஸ்வானா. 1966-இல் விடுதலை பெற்றபோது, பிரான்சைவிடப் பெரிய அந்த நாட்டில் தார்ச்சாலை மொத்தம் 12 கிலோமீட்டர். சைக்கிளை மிதித்தால் ஒரு மணி நேரத்தில் தேசத்தின் தார் தீர்ந்துவிடும். மறு வருடம் ஓராப்பாவில் வைரம் அகப்பட்டது. ஆப்பிரிக்காவில் வைரக் கதைகள் பெரும்பாலும் துப்பாக்கியில்தான் போய் முடியும். இங்கே வைரம் கிடந்ததோ அதிபர் செரட்சே காமாவின் சொந்த இனக்குழுவின் மண்ணில். ஆனாலும், பூமிக்கு அடியில் இருப்பது நாட்டுக்குச் சொந்தம் என்று அவர் ஆட்சியே சட்டம் போட்டது. டி பியர்ஸ் வைரக் கம்பெனியோடு விடாமல் பேரம் பேசிப் பாதிப் பங்கும் வாங்கியது. அந்தப் பணம் பள்ளிக்கூடமாகவும் சாலையாகவும் மாறியது.

கே: ஏறியவர்கள் இறங்குவதே இல்லையா?
(சேலம் வாசகர்)

ப: அதே போட்ஸ்வானாதான் இதற்கும் பதில். 1990களில் எய்ட்ஸ் பரவி, ஏறியிருந்த சராசரி ஆயுளை மளமளவென்று கீழே இழுத்தது. நல்ல நிர்வாகத்தைப் பார்த்துக் கிருமி பயப்படவில்லை. ஆனால் 2002-இல் அரசே இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்க, ஆயுள் மறுபடி ஏறியது. 2024-இல் வைர வியாபாரம் படுத்தது. 58 வருடம் ஆண்ட கட்சியை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதிபர் மசீசி முழு முடிவு வருமுன்பே தோல்வியை ஒப்புக்கொண்டார். என் கணக்கில் அந்த ஒரு நாளுக்குப் பத்துக்குப் பத்து.

கே: லஞ்சத்தை ஒரே நாளில் ஒழிக்க முடியுமா?
(பெயர் போட வேண்டாம் என்கிற அரசு ஊழியர்)

ப: வாங்குபவர்களை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பலாம். காக்கசஸ் மலையடியில் இருக்கும் ஜார்ஜியாவில் 2003 புரட்சிக்குப் பிறகு வந்த ஆட்சி, சாலையில் வண்டிகளை மறித்துக் கறந்துகொண்டிருந்த போக்குவரத்து போலீஸைக் கூண்டோடு கலைத்தது. புது ஆட்கள், கூடுதல் சம்பளம். காவல் நிலையங்களுக்குக் கண்ணாடிச் சுவர்; உள்ளே நடப்பது தெருவில் போகிறவருக்கே தெரியும். சிறைகளுக்கு மட்டும் கண்ணாடி வைக்க மறந்துவிட்டார்கள். கைதிகளை வதைக்கும் வீடியோ 2012-இல் வெளியானது. சில வாரங்களில் தேர்தலில் ஆட்சி போனது.

கே: மனித வளர்ச்சிக் குறியீட்டில் நாங்கள் இந்தியாவுக்கு மேலே. பிறகேன் 2022-இல் இலங்கைப் பொருளாதாரத்துக்கு அந்தக் கதி?
(வவுனியா வாசகர்)

ப: அந்தக் குறியீடு ஆயுள், படிப்பு, வருமானம் மூன்றையும்தான் பார்க்கும். கையிருப்பு டாலரைப் பார்க்காது. போர்க்காலத்திலும் இலங்கைக்கு நல்ல மார்க்தான் போட்டது. வவுனியாவுக்குத் தெரிந்தது அதற்குத் தெரியவில்லை. 1990-இல் பொருளாதார அறிஞர் மஹபூப் உல் ஹக் அதைக் கொண்டுவந்தபோது, இத்தனையையும் ஒற்றை எண்ணில் அடைப்பதா என்று நண்பர் அமர்த்தியா சென்னே தயங்கினார். பட்டியல் வரிசையில் முன்னால் நின்ற நீங்கள், டாலர் தீர்ந்ததும் பெட்ரோல் வரிசையில் போய் நின்றது இப்படித்தான்.

கே: இந்த மாதிரிப் பட்டியல்களில் மேலே வரக் குறுக்குவழி உண்டா?
(மதுரை வாசகர்)

ப: உண்டே. தொழில் நடத்த எந்த நாடு எளிது என்று உலக வங்கி வருடாவருடம் பட்டியல் போட்டுவந்தது. சில நாடுகளின் எண்களில் உள்ளேயே யாரோ கைவைத்திருந்தது தெரியவந்ததும், 2021-இல் கடையைச் சாத்திவிட்டார்கள்.