மேடு எவ்வளவு நீளம்?

கே: செப்டிக் டேங்க் தண்ணீரைப் பூமிக்குள்தானே விட வேண்டும்? மணலைக் கொட்டி மேடு கட்டுவானேன்?

ப: பூமிக்குள் இடம் இருக்க வேண்டுமே! அமெரிக்காவின் விஸ்கான்சினில் பல இடங்களில் இரண்டடி தோண்டினாலே பாறை, அல்லது ஊற்று. கிருமியைப் பிடித்து நிறுத்துவது காற்றோட்டமுள்ள, ஊறிப் போகாத மண். அது கீழே போதாதபோது, குறையை மேலே மணலாகப் போட்டு ஈடுகட்டுகிறார்கள். 1970களில் அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செம்மைப்படுத்திய முறை இது.

கே: அளவுக்கு எதை எண்ணுகிறார்கள்? ஆட்களையா?

ப: படுக்கையறைகளை. ஆள் வருவார், போவார். அறை அங்கேயே இருக்கும். அறைக்கு நாளொன்றுக்கு 150 கேலன், அதாவது ஏறக்குறைய 570 லிட்டர். மூன்று அறைக்கு 450 கேலன். தரமான மணல் சதுர அடிக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் ஏற்கும் என்று வைத்தால், மணல்மேல் வரும் ஜல்லிப் படுகை 450 சதுர அடி.

கே: அப்படியானால் 21-க்கு 21 என்று சதுரமாகக் கட்டிவிடலாமே?

ப: கூடவே கூடாது. நான் கத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். மணல் தண்ணீரை விட்டுவிடும். அடியில் இருக்கும் பழைய மண் விடாது. களிமண்ணில் சதுர அடிக்கு 0.3 கேலன் இறங்கினால் பெரிது. அப்போது மேட்டின் அடிப்பரப்பு 1,500 சதுர அடி வேண்டும். அதோடு முடியவில்லை. கீழே இறங்க வழியில்லாத தண்ணீர் பக்கவாட்டில் நகரும். மேட்டின் ஒவ்வோர் அடி நீளத்துக்கும் மூன்று, நான்கு கேலன்தான் அப்படிக் கடந்துபோக முடியும். 450-ஐ நான்கால் வகுங்கள்: 112 அடிக்கு மேல் நீளம், நான்கடி அகலப் படுகை. சதுரமாகக் கட்டினால் அடிக்கு 21 கேலன் வந்து சேரும். மேட்டின் காலடியில் கழிவுநீர் கசிந்து நிற்கும், குழந்தைகள் விளையாடும் புல்லிலேயே.

கே: நிலம் சரிவாக இருந்தால்?

ப: சரிவுக்குக் குறுக்கே நீட்டுங்கள். படுகைக்கு நேர்கீழும் அதற்குத் தாழ்வான பக்கமும் மட்டுமே அடிப்பரப்புக் கணக்கில் சேரும். உயரமான பக்கம் சேராது, தண்ணீர் ஏறிப்போகாது. சமதளமானால் இரு பக்கமும் சேரும்.

கே: நேற்று மழை. மணல் கொட்டுமுன் நிலத்தை உழ வேண்டுமே, இன்று தொடங்கலாமா?

ப: உழும் ஆழத்து மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். மெல்லிய திரியாக நீண்டால் இன்று வேண்டாம். ஈரமண்ணை உழுதால் துளைகள் மெழுகியதுபோல் அடைபட்டுவிடும். உதிர்கிற நாள்வரை பொறுங்கள்.