விடியற்காலைப் பறவையும் லென்ஸ் மூடியும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பறவை எப்போது வந்து உட்காரும்? பேட்டரி மாற்றும்போது, லென்ஸைத் துடைக்கும்போது, கையில் சாயா கிளாஸ் இருக்கும்போது. கேமராக்காரர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் இக்கூற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம், பாலக்காட்டுப் பரம்பிக்குளம் முதல் இடுக்கியின் வாசலான தட்டேக்காடு வரை. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே திருச்சூரும் எறணாகுளமும் உட்கார்ந்திருக்கின்றன. இருவாச்சிக்கு அது பொருட்டில்லை. பாலக்காட்டுக்காரரே பரம்பிக்குளத்துக்குச் சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போகிறார் என்பதால் எல்லைத் தகராறை விட்டுவிடலாம்.

பறவை கைநழுவும் இச்சிக்கல் முன்னோடிகளுக்கும் இருந்ததா? 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சாலிம் அலி தட்டேக்காட்டுக்கும் வந்தார். இன்று அவர் பெயரைத் தாங்கும் சரணாலயம் அங்கே 1983இல் உருவானது. அன்றைய கணக்கெடுப்பின் கருவி துப்பாக்கி. சுடப்பட்ட பறவை பாடம் செய்யப்பட்டுப் பெட்டிக்குள் போயிற்று. 'அசைந்துவிட்டது' என்ற புகாருக்கே இடமில்லை. காட்டுயிர்ப் படக்காரர் மா. கிருஷ்ணனோ, பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தாமே உருவாக்கிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயர் சூட்டி, கறுப்பு வெள்ளையிலேயே சாதித்தார். கனத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

இனி காரணம். இரவெல்லாம் பட்டினி கிடந்த பறவை விடிந்ததும் இரை தேடிப் பரபரக்கிறது. சீகாரப் பூங்குருவி அதற்கும் முன்னால், இருட்டிலேயே விசிலடிக்கத் தொடங்கிவிடும். துடிப்பான பறவையை உறைய வைக்க நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். காட்டுக்குள் அந்நேர வெளிச்சமோ முப்பதில் ஒரு பங்கு கேட்கிறது. முப்பது மடங்குக்கு மேல் பற்றாக்குறை! ஐஎஸ்ஓவை 400இலிருந்து 12,800க்கு ஏற்றி ஈடுகட்டினால் படமெங்கும் நாய்ஸ். வெளிச்சம் வந்து சேரும்போது தீக்காக்கை நிழலுக்குள் போயிருக்கும். போதாக்குறைக்குத் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலில் கூப்பிட்டு லென்ஸைத் தப்பான மரத்துக்குத் திருப்பிவிடும். ஆக, சாயா கிளாஸ் குற்றமற்றது. (லென்ஸ் மூடியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை.)

கோட்பாடு இங்கே முடிந்திருக்கும், தவளைவாயன் மட்டும் இல்லாவிட்டால். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இந்த இரவுப் பறவை, பகலெல்லாம் ஜோடியாகக் கிளையில் ஒட்டி உட்கார்ந்திருக்கும். ஆண் சாம்பல், பெண் துருநிறம். இரண்டும் அச்சு அசல் காய்ந்த சருகு. முக்காலி போட்டு, பேட்டரி மாற்றி, இரண்டாவது சாயாவும் குடிக்கலாம், அது அசையாது. சிக்கல் வேறு.

"சாரே, அந்தா இருக்கு."

"எங்கே?"

"மஞ்ச இலைக்குக் கீழே, ரெண்டாவது கொம்பு."

"இலைதானே தெரியுது?"

"அதுதான் சாரே."

மூச்சடக்கி எடுத்த படம் கூர்மையாக, துளி நாய்ஸ் இல்லாமல் அமைகிறது. அன்றிரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏறுகிறது. முதல் பதில் பெரியம்மாவிடமிருந்து: "மரம் ரொம்ப நல்லா வந்திருக்குப்பா. பறவை படத்தையும் அனுப்பு."