ஜாடிக்குள் ஒரு பூந்தோட்டம்

போன இதழில் போகிற போக்கில் பூ ஊறிய ஜின் பற்றி ஒரு வரி எழுதினேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே வேண்டுகோள்: "ஊரைப் போடுங்கள், பேரைப் போடாதீர்கள்." இந்தப் பகுதியை வீட்டில் மற்றவர்களும் படிக்கிறார்கள் என்று தெரிகிறது. மகிழ்ச்சி.

வீட்டில் ஜின் தயாரிப்பது சட்டப்படி சரியா? (குரோய்டன்)

காய்ச்சினால் குற்றம், ஊறவைத்தால் பொழுதுபோக்கு. பிரிட்டனில் உரிமம் இல்லாமல் சாராயம் வடிக்கக் கூடாது. கடையில் வரியோடு வாங்கிய வோட்காவில் ஜூனிப்பரையும் பூவையும் போட்டு நீங்களே குடிப்பதற்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே வடிக்கலாம். அதற்காகக் குடிபெயர்ந்துவிடாதீர்கள். உங்கள் மைத்துனர் அங்கேதான் இருக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஜின்னுக்கும் வோட்காவுக்கும் என்ன வித்தியாசம்? (வேலூர்)

ஜூனிப்பர்.

லாவண்டர் பூவை எத்தனை மணி நேரம் ஊறவைக்க வேண்டும்? (மெல்பர்ன்)

குளியலறையில் சோப்பு தீர்ந்துபோகும் வரை.

750 மில்லி வோட்காவுக்கு ஜூனிப்பர் எவ்வளவு, பூ எவ்வளவு, நேரம் எவ்வளவு? தோராயமாக வேண்டாம், துல்லியமாகச் சொல்லவும். (டொராண்டோ)

நீங்கள் என்ஜினியர் என்பதைக் கையெழுத்தே சொல்கிறது. பூவுக்கு டாலரன்ஸ் அட்டவணை கிடையாது ஐயா. இருந்தாலும் கேளுங்கள். 40 சதவீத வோட்கா ஒரு பாட்டில். இரண்டு மேசைக்கரண்டி காய்ந்த ஜூனிப்பர், ஒரு டீஸ்பூன் கொத்தமல்லி விதை, வெள்ளைப் பகுதி ஒட்டாமல் சீவிய ஒரு துண்டு எலுமிச்சைத் தோல். இவை ஒரு நாள் ஊறட்டும். ஜூனிப்பரைப் பழம் என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். அது பைன் மரத்துக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றின் கூம்பு, பழம் மாதிரி வேஷம் போட்டிருக்கிறது.

வடிகட்டிய பிறகுதான் பூ. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் ஜூனிப்பர் பேசப் பேச, பூ வாயைத் திறக்கவே முடியாது. உங்கள் பக்கத்தில் எல்டர் பூ கிடைத்தால் ஏழெட்டுக் கொத்து போதும். வெயில் ஏறிய காலையில் பறியுங்கள். கழுவாதீர்கள், வாசனையில் பாதி அந்த மஞ்சள் மகரந்தத்தில்தான் இருக்கிறது. உதறினால் பூச்சிகள் தாமே வெளிநடப்பு செய்யும். காம்பைக் கிள்ளிப் போடுங்கள். கசப்பு மட்டுமல்ல, எல்டரின் இலையிலும் தண்டிலும் சயனைடை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. பூ முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும், மேலே மிதப்பது பழுப்பாகிவிடும்.

நேரம்? ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு சொட்டு நாக்கில் விடுங்கள். "இன்னும் கொஞ்சம் இருந்தால் பிரமாதம்" என்று தோன்றுகிற அந்த நிமிஷத்திலேயே வடிகட்டிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தோன்றிவிடும். பூ ஜின்னைக் கெடுத்தவர்களில் அவசரப்பட்டவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் இன்னும் ஒரு நாள் பார்க்கலாம் என்று இருந்தவர்கள்தான்.

பூ வாசனை தூக்கலாக இருக்கும்போது மட்டமான வோட்கா போதாதா? (ஈஸ்ட் ஹாம்)

உங்கள் லண்டன் பதினெட்டாம் நூற்றாண்டில் அப்படித்தான் நினைத்தது. மட்டச் சாராயத்தின் நாற்றத்தை மறைக்க ஜூனிப்பருக்குப் பதில் டர்பன்டைன் எண்ணெயைக்கூடக் கலந்து விற்றார்கள். லண்டன் தள்ளாடிய தள்ளாட்டத்தில் பார்லிமென்ட் 1736-இலும் 1751-இலும் சட்டம் போட வேண்டி வந்தது. ஓவியர் ஹோகார்த் அந்த அலங்கோலத்தைப் படமாகவே செதுக்கி வைத்திருக்கிறார். பூ எதையும் மறைக்காது. நல்ல வோட்காவாக இருந்தால் நல்லதைச் சொல்லும், இல்லாவிட்டால் கோள் சொல்லும்.

மல்லிகைப்பூவில் ஜின் செய்யலாமா? (மதுரை)

இந்தக் கேள்வி மதுரையிலிருந்து வராவிட்டால்தான் ஆச்சரியம். 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய பூவாயிற்றே. செய்யலாம், ஆனால் மல்லிகை பிடிவாதக்காரி. ரோஜா பறித்த நேரத்தில் இருக்கிற வாசனையோடு சரி. மல்லிகை பறித்த பிறகும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். பகலில் மொட்டாக வருவது ராத்திரியில் விரிந்து ஊரைத் தூக்குவது அதனால்தான். பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் திரவியக்காரர்கள் இதைத் தெரிந்துகொண்டு, சூடு காட்டாமல், கொழுப்பு தடவிய கண்ணாடியின் மேல் பூவைப் பரப்பினார்கள். வாடியதை எடுத்துவிட்டுப் புதுப் பூ, மறுபடியும் புதுப் பூ என்று வாரக்கணக்கில் மாற்றினார்கள். சீனாக்காரர் மல்லிகைத் தேநீருக்கும் ராத்திரி பூவை இலையோடு கலந்து, காலையில் பிரித்து எடுத்துவிடுகிறார். சாராயத்தில் போட்ட மறு நிமிஷம் பூ செத்துவிடும், மண உற்பத்தியும் நின்றுவிடும். ஆகவே மத்தியானம் மொட்டைப் போட்டால் உங்களுக்குக் கிடைப்பது பச்சை வாசனை. ராத்திரி பத்து மணிக்கு, முழுக்க விரிந்த பிறகு போடுங்கள். தூங்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள். அதிகம் ஊறினால் மல்லிகையில் உள்ள இண்டோல் என்ற சரக்கு முன்னுக்கு வரும். அது கொஞ்சமாக இருந்தால் மயக்கம், அதிகமானால் பூச்சி உருண்டை.

கடையில் விற்கும் சரம் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். வீட்டுக் கொடியில் பூத்தது மட்டும். வீட்டில் தலைக்கு வைக்க வேண்டியதை எடுத்து ஜாடியில் போட்டால் வரும் விளைவுகளுக்கு இந்தப் பகுதி பொறுப்பல்ல.

ஜின்னில் வெள்ளரிக்காய்? (ஈரோடு)

மோருக்கு நல்லது.

சங்குப்பூ போட்ட நீல ஜின், டானிக் ஊற்றியதும் ஊதாவாக மாறுகிறதே, என்ன மாயம்? (சிங்கப்பூர்)

நம்ம வேலிச் சங்குப்பூதான். அதிலுள்ள ஆந்தோசயனின் புளிப்பைக் கண்டால் நிறம் மாறும். டானிக்கில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது, எலுமிச்சை பிழிந்தால் இன்னும் சிவக்கும். பள்ளி லிட்மஸ் காகிதத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடிக்கிறீர்கள். கனடாவில் 'எம்ப்ரஸ் 1908' என்று இதையே அழகான பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். சுவை? அநேகமாகக் கிடையாது. குடிப்பதற்கு முன் பதினாறு படம் எடுப்பவர்களுக்காகவே கடவுள் படைத்த பூ. ஜின் ஜாடியை இருட்டில் வையுங்கள், வெளிச்சத்தில் நீலம் வெளிறும்.

வயலட் பூ ஜின்னை முகர்ந்தேன், பிரமாதம். மறுபடி முகர்ந்தேன், ஒன்றுமே இல்லை. மூக்கில் கோளாறா? (பாரிஸ்)

மூக்கு நலமே. வயலட்டின் அயனோன் என்ற பொருள் மூக்கின் உணர்வைக் கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்துவிடும். பிறகு திரும்பி வரும், மறுபடி போகும். இதைவிட வேடிக்கை: பல லண்டன் ஜின்களில் வரும் வயலட் வாசனை பூவிலிருந்தே வருவதில்லை. ஐரிஸ் செடியின் கிழங்கைத் தோண்டி, வருஷக்கணக்கில் காயவைத்துப் பொடித்துப் போடுகிறார்கள். புதுக் கிழங்கில் அந்த மணம் இருக்காது.

தோட்டத்தில் அரளியும் செங்காந்தளும் பூத்துக் குலுங்குகின்றன. முயற்சி செய்யலாமா? (கோவை)

கூடவே கூடாது. இதில் வேடிக்கை இல்லை. அரளி இதயத்தை நிறுத்தும். செங்காந்தளில் கோல்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஊமத்தையும் கூடாது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு லில்லி ஆஃப் தி வேலி, ஃபாக்ஸ்குளோவ். எல்டர் பறிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: எல்டர் மரக்கட்டையான தண்டுள்ள புதர். அதே போல வெள்ளைக் கொத்தாகப் பூக்கும் ஹெம்லாக் மரக்கட்டையாகாத தண்டுள்ள செடி, கொல்லும். சாராயம் மணத்தை இழுக்கிற அதே வேகத்தில் நஞ்சையும் இழுக்கும். சந்தேகம் வந்தால் பூவைத் தூக்கி எறியுங்கள், ஜாடியையும் சேர்த்து.

குடியை விட்டு நாலு வருஷம் ஆகிறது. நண்பர்கள் எல்டர் பூ ஜின் போடுகிறார்கள். நான் கையில் எதை வைத்துக்கொண்டு நிற்பது? (ஆஸ்லோ)

இந்த வாரக் கடிதங்களில் நான் இரண்டு முறை படித்தது உங்களுடையதை. அதே பூவை வெந்நீர், சர்க்கரை, எலுமிச்சையோடு ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டினால் கார்டியல். சோடா விட்டால் அந்தக் கூட்டத்திலேயே நல்ல பானம் உங்களுடையதாக இருக்கும். பூவின் மணத்தைச் சர்க்கரைப் பாகும் நன்றாகவே வாங்கிக்கொள்ளும். மதுவில்லா ஜின் என்று விற்பதை வாங்கும்முன் யோசியுங்கள். ஜூனிப்பர் வாசனையே சிலருக்குப் பழைய கதவைத் திறந்துவிடும். ஒரு மாலை கஷ்டமாக இருந்தால் போகாதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. உண்மையான நண்பர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

இலுப்பைப்பூச் சாராயமும் பூ ஜின்தானே? (சேலம்)

இல்லை. இங்கே பூ வாசனைக்கு வருகிறது. இலுப்பையில் பூவேதான் சரக்கு: அதிலுள்ள சர்க்கரையைப் புளிக்கவைத்து வடிக்கிறார்கள், மத்திய இந்தியப் பழங்குடிகளின் பழைய வித்தை. உங்கள் ஊரில் முயன்றால் சிறை.

லாவண்டர் பற்றிய உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்களா? (லூட்டன்)

மாட்டேன்.

வடிகட்டிய பூ ஜின் எத்தனை நாள் கெடாமல் இருக்கும்? (பெர்த்)

சாராயம் கெடாது, பூவின் மணம்தான் மாதக்கணக்கில் மெல்ல மங்கும். மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். முடியாவிட்டால் அடுத்த தடவை சின்ன ஜாடியில் போடுங்கள்.