நீர்நிலப் பெல்ட் வண்டியும் குடும்ப உல்லாசமும்: ஜெகதாப்பட்டினக் கரையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

பழைய நீர்நிலப் பெல்ட் வண்டி ஒன்றை வாங்கி, ஜெகதாப்பட்டினம் கரையிலிருந்து குடும்பத்தோடு உல்லாசம் போவது பற்றி இதுவரை ஒரு முனைவர் பட்ட ஆய்வேடுகூட வரவில்லை. தமிழ் ஆய்வுலகத்துக்கு இது தலைகுனிவு. ஒன்றைப் பற்றி யாருமே எழுதவில்லை என்றால் எழுத அதில் ஒன்றுமில்லை என்றும் பொருள் இருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அப்படிக் கேட்பவர்கள் பல்கலைக்கழகங்களில் அதிக நாள் தாக்குப்பிடிப்பதில்லை.

ஆய்வு எல்லை: வடக்கே கோட்டைப்பட்டினம், தெற்கே மீமிசல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, கிழக்கே சேறு. கருதுகோள்: தரை, சேறு, தண்ணீர் மூன்றிலும் போகிற வண்டி இருந்தால் குடும்பம் மகிழும். எதிர்க் கருதுகோளை வீட்டுக்காரம்மா வாய்மொழியாகத் தந்திருக்கிறார். அச்சில் ஏற்றத் தக்கதல்ல.

கிழக்கு எல்லையைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். மெரினாவைப் போல மணலும் அலையும் இருக்கும் என்று நம்பி வருகிற விருந்தாளி இங்கே ஏமாந்து போவார். தண்ணீர் வற்றின நேரத்தில் கரைக்கும் கடலுக்கும் நடுவே கறுப்பாகச் சேறு கிடக்கும். கால் வைத்தால் முதலில் சில்லென்று இருக்கும். அப்புறம் கணுக்கால் காணாமல் போகும். இழுத்தால் கால் வரும், செருப்பு வராது. செருப்பைத் தேடிக் குனிகிறவர் முழங்கை வரைக்கும் உள்ளே விட வேண்டும். வண்டியின் தேவை பிறப்பது இந்த இடத்தில்தான். மீன்பிடிக்கிறவர்களுக்கு ஏனோ அந்தத் தேவை பிறக்கவில்லை. செருப்பைக் கரையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அடிக்குறிப்புக்கு இடமே தராத இந்த வழிமுறையை ஆய்வு ஏற்பதற்கில்லை.

இலக்கியச் சான்று

இந்த வட்டாரத்தில் வாகனக் கொள்முதல் புதிதல்ல. பக்கத்து ஆவுடையார்கோயில்தான் பழைய திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சர் வாதவூரர், அதாவது பின்னாளின் மாணிக்கவாசகர், குதிரை வாங்க அரசாங்கப் பணத்தோடு வந்து சேர்ந்த ஊர். பணம் கோயிலுக்குச் செலவாகிவிட்டது. வராத குதிரைக்குப் பதிலாக நரிகள் குதிரைகளாகி மதுரை போயின. ராத்திரி மறுபடியும் நரிகளாகி, லாயத்தில் ஏற்கெனவே நின்ற குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. அதற்கப்புறம் வைகையில் வெள்ளம் வந்தது. திருவிளையாடற் புராணத்தின் இந்தப் பகுதியைப் பக்தி நோக்கில் படித்தவர்கள் ஏராளம். செகண்ட் ஹேண்ட் வண்டிச் சந்தை நோக்கில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பார்க்கும்போது குதிரை, வீட்டுக்கு வந்த ராத்திரியே நரி. பழைய வண்டி வாங்கிக் கைசுட்டுக்கொண்டவருக்கு இந்த இடத்துக்கு உரையாசிரியர் தேவையில்லை. வெள்ளம் வந்த சமயத்தில் மதுரையில் ஒரு நீர்நில வண்டி இருந்திருந்தால் பிட்டுக்கு மண் சுமந்திருக்க வேண்டியதில்லை என்பதும் இங்கே கருதத்தக்கது.

மாணிக்கவாசகர் காலம் 3ஆம் நூற்றாண்டா, 9ஆம் நூற்றாண்டா என்று அறிஞர்கள் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள். இடையில் ஆறு நூற்றாண்டு. எந்த வண்டித் தரகரும் மாடல் வருஷத்தில் இவ்வளவு துணிச்சலாகக் கை வைத்ததில்லை.

தொல்காப்பிய மரபியல், உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுக்கிறது. நமது வண்டி உயிரில்லை என்பதால் தப்பித்தது. வாங்குகிறவர் எந்த வகுப்பில் வருவார் என்பது திறந்த கேள்வி. வண்டி வயலிலும் போகும், கடலிலும் போகும் என்பதால் மருதமும் நெய்தலும் கலந்த திணைமயக்கம் என்று கொள்வாரும் உளர். இந்த ஒரு வரியை நாற்பது பக்கமாக நீட்டி, இரண்டு கருத்தரங்குகளில் வாசித்து, இரண்டு பொன்னாடை வாங்க வழி இருக்கிறது. முதல் கட்டுரையில் இரண்டாவதை மேற்கோள் காட்டி, இரண்டாவதில் முதலாவதைக் காட்டினால் ஆதாரமும் ஆயிற்று.

வகைப்பாடு

பிடி-76: சோவியத் நாட்டு மிதவை டாங்கி. 1971 நவம்பரில் கரீப்பூர்ச் சண்டையில் நமது 45ஆவது கேவல்ரி இதை ஓட்டியது. உள்ளே மூன்று பேருக்குத்தான் இடம். குடும்பம் என்றால் மூன்று பேர் என்பது பட்டணத்துக் கொள்கை.

சரத்: மேடக்கில் செய்கிற ராணுவ வண்டி. நமக்குத் தரமாட்டார்கள்.

மண்டபத்துக் கடலோரக் காவல்படையின் ஹோவர்கிராஃப்ட்: பெல்ட் இல்லை. தள்ளுபடி.

நெல் அறுக்கிற செயின் வண்டி: சேற்றில் அனாயாசமாகப் போகும், வாடகைக்குக் கிடைக்கும், ஓட்ட ஆள் உண்டு, ஸ்பேர் உண்டு. மிதக்காது என்பது ஒரு குறை. எல்லோருக்கும் தெரிந்தது என்பது அதைவிடப் பெரிய குறை.

ஆர்கோ: கனடா நாட்டில் 1967 முதல் செய்கிறார்கள். ஆறு அல்லது எட்டுச் சக்கரம். வேண்டுமானால் சக்கரத்துக்கு மேலே ரப்பர் பெல்ட் போட்டுக்கொள்ளலாம். தரையில் ஆறு பேர், தண்ணீரில் நாலு பேர் என்று கணக்குச் சொல்லும் ரகமும் இதில் உண்டு. தண்ணீர் தொடங்குமிடத்தில் இறக்கிவிடப்படும் அந்த இரண்டு பேர் யார்? தயாரித்தவர் இதைச் சொல்லாமல் விட்டது பெரும் பிழை.

ரோப்ளிங்கின் ‘அலிகேட்டர்’: இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. புரூக்ளின் பாலம் கட்டிய குடும்பத்து வாரிசு டொனால்ட் ரோப்ளிங். ஃபுளோரிடாவில் புயலடித்தால் சதுப்பு நிலத்தில் மாட்டிக்கொள்கிறவர்களை மீட்கப் படகும் உதவாது, லாரியும் உதவாது என்று கண்டு, 1935இல் முதல் நீர்நிலப் பெல்ட் வண்டியைச் செய்தார். 1937இல் ‘லைஃப்’ பத்திரிகையில் படம் வந்தது. அமெரிக்க மரைன் படையின் கண்ணில் பட்டது. ஆளை மீட்கச் செய்த வண்டி பசிபிக் தீவுகளில் சண்டைக்குப் போனது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது இந்தக் கடலோரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பணக்காரரின் கிறுக்கு கிறுக்காகத் தெரியாது. பழையது விலைக்கு வந்தால் நாமே வாங்கலாம். அருங்காட்சியகத்தார் விடமாட்டார்கள்.

மிச்சம் ஒன்றுதான்: சுவீடன் நாட்டு ஹெக்லுண்ட்ஸ் பிவி-206.

பின்பெட்டிக் கோட்பாடு

பிவி-206 என்பது ஒரு வண்டியல்ல, இரண்டு பெட்டி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் ஒரு கொண்டி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்பாது. ஹைட்ராலிக் விசையில் இரண்டு பெட்டியும் இடுப்பில் ஒடிவதுபோல் ஒடிந்து திரும்பும். உடம்பு ஃபைபர். அகலமான ரப்பர் பெல்ட் நாலு. கிட்டத்தட்ட நாலரை டன் எடை இருந்தாலும் பாரம் பரவிவிடுவதால், மனிதக் கால் புதைகிற சேற்றில் இது புதையாது. பனியில் ஓடுவதற்குச் செய்தது. ஆகவே ஹீட்டர் உண்டு. மே மாத மணமேல்குடி வட்டத்தில் ஹீட்டரின் பயன் தனி ஆய்வுக்குரியது. தண்ணீரிலும் பெல்ட்டைச் சுற்றித்தான் நீந்த வேண்டும்; வேகம் மணிக்குச் சுமார் 3 கிலோமீட்டர். கரையோரமாக நடந்து வருகிற பாட்டி முந்திவிடுவார்.

ஆனால் ஆய்வின் உயிர்நிலை வேகத்தில் இல்லை. டிரைவரோடு சேர்த்து 17 பேர்: முன்பெட்டியில் 6, பின்பெட்டியில் 11. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு உள்வழி கிடையாது. இதைச் செய்த சுவீடன்காரர்களுக்கு, தாங்கள் செய்தது ஒரு சம்பந்தி வீட்டுப் பிரச்சினை என்று கடைசிவரை தெரியாது.

முன்பெட்டியில் யார்? டீக்கடையார் மரபின்படி மாப்பிள்ளை முன்னால்தான் (டீக்கடை வாய்மொழி, காலைப் பகுதி). இதில் கருத்து வேறுபாடில்லை. மாப்பிள்ளை ஏறினால் மாப்பிள்ளையின் அம்மா ஏறுவார். அவர் ஏறினால், பெண்ணைப் பெற்றவர் பின்னால் போவதா என்ற கேள்வி எழும். மாமியாரும் மருமகளும் ஒரே பெட்டியில் இருக்க வேண்டும் என்பாரும், இரண்டு பெட்டி படைக்கப்பட்டதே அதற்குத்தான் என்பாரும் உளர். பின்னவர் கூற்றே வலியது (டீக்கடை வாய்மொழி, மாலைப் பகுதி, இரண்டாம் வடைக்கு உரை).

பின்பெட்டியில் யார்? இங்கேதான் பாடபேதம். வலைக்கொட்டகையார், பின்பெட்டியே பாதுகாப்பு, எஞ்சின் சூடு முன்னால்தான் என்கிறார்கள் (வலைக்கொட்டகை வாய்மொழி, செவ்வாய் மதியப் பாடம், கிழிசல் பகுதி, மூன்றாம் பீடிக்குப் பிந்திய இடைச்செருகல்). ஐஸ் கம்பெனித் திண்ணையார் இதை மறுத்து, கொண்டி கழன்றால் கடலில் நிற்பது பின்பெட்டிதான் என்கிறார்கள் (திண்ணைப் பிரதி, அதே செவ்வாய், கரண்ட் போனபிறகு சொன்ன வடிவம், கரண்ட் வந்ததும் சொன்னவரே மறுத்துவிட்டார், மறுப்பை அவர் மச்சான் மறுத்த செய்தி தனிப்பிரதியாக உலவுகிறது, அதன் கடைசி ஏடு போண்டா மடித்ததில் எண்ணெய் பட்டுச் சிதைந்துள்ளது).

புளிசோற்றுத் தூக்கு எந்தப் பெட்டியில் என்பதை இரு மரபும் பேசவில்லை. தூக்கு இருக்கும் பெட்டியே முன்பெட்டி என்பது நம் துணிபு. அதிகாரம் எஞ்சினைச் சார்ந்ததென்பது மேலைநாட்டு மயக்கம்.

சட்டம்

பழைய வண்டியை வெளிநாட்டிலிருந்து இறக்க, அது செய்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். மும்பைத் துறைமுகம் வழியாக மட்டுமே வர வேண்டும். ராணுவங்கள் கழித்துக்கட்டும் பிவி-206களோ கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற வயதில் இருப்பவை, ஸ்டியரிங் இடப்பக்கம். ஆக வாங்க முடியாது. சரி, இது தெரிந்த பிறகும் எதற்கு இவ்வளவு பக்கம் என்று வாசகர் கேட்கலாம். முடிவு முதலிலேயே தெரிந்திருந்தும் எழுதப்படுவதைத்தானே ஆய்வேடு என்கிறோம்.

பழைய கலம் கைமாறுவதைப் பற்றி இந்தக் கரையில் சிரிக்காமல் பேச வேண்டிய இடம் ஒன்றுண்டு. எல்லை தாண்டியதாகப் பிடித்த இந்தியப் படகுகளை 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு ஏலம் விட்டது. அங்கே ஒருவர் மலிவாக வாங்கிய செகண்ட் ஹேண்ட் படகு, இங்கே ஒருவர் கடன் அடைத்து முடிக்காத படகு. இதற்கு வகைப்பாடு கிடையாது.

களநிலவரம்

விசைப்படகுகள் கடலுக்குப் போகும் திங்கள், புதன், சனிக் கிழமைகளில் நமது வண்டி தண்ணீரில் இறங்கினால் மணிக்கு 3 கிலோமீட்டரில் எல்லோர் வழியிலும் நிற்கும். வாங்கிக் கட்டிக்கொள்ள நேரிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வழி விடுவார்கள். அப்போது ஹீட்டர் குறித்த ஆய்வையும் சேர்த்தே முடித்துவிடலாம். முத்துக்குடா அலையாத்திக் காட்டைப் பார்க்க இவ்வளவும் தேவையா, படகுச் சவாரிக்குச் சீட்டு வாங்கினால் போதாதா என்ற கேள்வி ஆய்வு எல்லைக்கு வெளியே இருக்கிறது.

ஆய்வுக்குட்பட்ட குடும்பத்தாரிடம் உட்காரும் வரிசைப் பட்டியல் மாதிரிக்காகச் சுற்றுக்கு விடப்பட்டது. வண்டி வரப்போவதில்லை என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதியிருந்தோம். ஆனாலும் பெரிய அத்தைக்குப் பின்பெட்டியில், அதுவும் கதவோரமாக, இடம் போட்டுவிட்டார்கள் என்று அவர் வீட்டில் இப்போது யாரும் நம்மோடு பேசுவதில்லை. சின்ன மாமா மட்டும் நேற்று ஆள் அனுப்பியிருந்தார்: முன்பெட்டியில் தனக்கு ஜன்னலோரம் உறுதிதானா என்று.